திருத்தித் திருத்தி முதல் மெட்டே தொலைந்துவிட்டது. பெரிய இசையமைப்பாளர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

ஐஸ்பெட்டி கீபோர்டு:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடம் பக்கம் எங்கள் ஊர். பகலில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கீபோர்டு வாசிக்கிறேன். முறையாக யாரிடமும் படித்ததில்லை. எங்கள் பாடகர் குழுவில் பதினாறு பேர். ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். விசைப்படகு திங்கள், புதன், சனி போய்விட்டு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். அதனால் எங்கள் ஒத்திகை எப்போதும் வியாழன் சாயங்காலம், அதுவும் பாதிப் பேர் தூங்கி வழிந்துகொண்டு.

இந்த வருஷம் மாதா திருவிழாவுக்குச் சொந்தமாக ஒரு காணிக்கைப் பாடல் போடலாம் என்று ஆசை. வரிகளை எங்கள் ஊர் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுதித் தந்தார். 'கடல் கொடுத்ததைக் கையில் ஏந்தி வந்தோம், அம்மா' என்று தொடங்கும். மெட்டு எனக்குக் கிடைத்தது பாம்பன் பாலத்தில். மண்டபத்தில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன், நடுப்பாலத்தில் திடீரென்று பல்லவியும் சரணமும் முழுதாக வாயில் வந்துவிட்டன. மறந்துபோகுமே என்ற பயத்தில் வண்டியை ஓரங்கட்டி, போனில் முனகிப் பதிவு செய்தேன். கச்சான் காற்று அடித்த அடியில் பாதி காற்றுதான் பதிவாகியிருக்கிறது. பரவாயில்லை, குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அதற்கப்புறம்தான் வம்பு. பெண்கள் பக்கம் சரணத்தில் மேல் 'எஃப்' ஸ்வரம் எட்டவில்லை. ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி இரண்டு கட்டை இறக்கினால் ஆண்களுக்குக் கீழே குரலே இல்லை. சரி என்று சரணத்தை மாற்றினேன். சரணம் மாறியதும் பல்லவி அதோடு ஒட்டவில்லை, அதையும் மாற்றினேன். நடுவில் ஓர் இடையிசை போட்டேன், அதைத் தூக்கினேன், மறுபடி போட்டேன். ஒவ்வொரு முறையும் போனில் புதிதாகப் பதிவு செய்துவிட்டுப் பழையதை அழித்துவிடுவேன், போனில் இடமில்லை. நோட்டில் எழுதியதையும் பென்சிலில் எழுதி ரப்பரால் அழித்தேன். அந்தப் பக்கம் இப்போது கிழிகிற நிலையில் இருக்கிறது.

போன வியாழன் ஏழாவது தடவையாக மாற்றிய மெட்டைச் சொல்லிக் கொடுத்தேன். பின்வரிசையில் நிற்கும் தாத்தா ஒருவர், "தம்பி, மொதல்ல பாடுனியே, அதுல ஒரு வளைவு இருந்துச்சு. அது எங்கய்யா போச்சு?" என்று கேட்டார். எனக்குச் சொரேர் என்றது. அது எங்கே போனதென்று எனக்கும் தெரியாது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கீபோர்டு வகுப்பில் கொஞ்ச நாள் இருந்தேன். என் நோட்டைப் பார்த்த மாஸ்டர், "மொசார்ட் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். உன் நோட்டு இப்படி இருக்கிறதென்றால் உனக்கு வரவில்லை என்று அர்த்தம்" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். மேல்நாட்டிலோ நம் பக்கமோ, பெரிய இசையமைப்பாளர்கள் மெட்டை எப்படி எழுதினார்கள், எப்படித் திருத்தினார்கள்? என்னைப் போலத் தடுமாறினார்களா? திருத்துவதை எங்கே நிறுத்தினார்கள்? திருவிழாக் கொடியேற்றத்துக்கு இன்னும் மூன்று வியாழன்தான் இருக்கிறது.

---

கேணிக்கரை வாத்தியார்:

தம்பி, நான் ராமநாதபுரத்தில் பாட்டு வாத்தியார். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. மேல்நாட்டுச் சங்கதி எனக்கு அதிகம் தெரியாது. நம் பக்கத்துச் சங்கதியைச் சொல்கிறேன்.

நீ நோட்டு என்கிறாய், நம் வழியில் நோட்டு பின்னால் வந்தது. தியாகராஜர் பாடினார், சீடர்கள் கேட்டார்கள், சீடர்கள் எழுதி வைத்தார்கள். வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் வீட்டுச் சுவடிகளும் காகிதங்களும் இன்றைக்கும் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. உமையாள்புரத்துச் சீடர்கள் ஒரு மாதிரிப் பாடுவார்கள், தில்லைஸ்தானத்துக்காரர்கள் இன்னொரு மாதிரிப் பாடுவார்கள். எது சரி என்று கேட்டால் எங்கள் குருநாதர் சிரிப்பார்.

நம் ஊர்க்காரரையே எடுத்துக்கொள். ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார், 1860-இல் பிறந்து 1919-இல் போனவர், சமஸ்தான வித்வான். பட்டணம் சுப்ரமணிய ஐயரின் சீடர், அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு. பாட்டு படிக்கிற பிள்ளைகள் முதல் வருஷமே பாடுகிற 'நின்னுகோரி' மோகன வர்ணம் அவருடையதுதான். நான் அதை இரண்டு குருவிடம் படித்தேன், இரண்டு இடத்தில் சிட்டைஸ்வரம் (ஸ்வரமாகவே பாடுகிற பகுதி) கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஒருவரிடம் பாடியதை மற்றவரிடம் பாடி அடி வாங்கியிருக்கிறேன்.

நானே திருப்புல்லாணிப் பெருமாள் மேல் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறேன். ஊதா மையில் எழுதி வைத்திருந்தேன். கடல் காற்றின் ஈரமும் கரையானும் சேர்ந்து அந்த நோட்டை முடித்துவிட்டன. பாட்டு முடியவில்லை, என் மகள் பாடுகிறாள். அவள் அனுபல்லவியில் என்னைக் கேட்காமல் ஒரு சங்கதி, அதாவது அதே வரியைக் கொஞ்சம் மாற்றிப் பாடுவது, சேர்த்துவிட்டாள். முதலில் கோபம் வந்தது. இப்போது நானும் அப்படித்தான் பாடுகிறேன்.

ஆனால் ஒன்று. மகான்களுக்கு அருளில் ஊறி வருவது வேறு, நாம் உட்கார்ந்து கட்டுவது வேறு. தியாகராஜர் அடித்துத் திருத்தினார் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

---

தொண்டிக்காரன்:

கீபோர்டு தம்பிக்கு முதலில் ஒரு வார்த்தை. உங்கள் மாஸ்டர் சொன்ன அந்த மொசார்ட் கதை ஒரு போலிக் கடிதத்தில் இருந்து கிளம்பியது. மொசார்ட் செத்து 24 வருஷம் கழித்து, 1815-இல் ஜெர்மனியில் ரோஹ்லிட்ஸ் என்பவர் தம் பத்திரிகையில் அதை மொசார்ட் எழுதிய கடிதம் என்று வெளியிட்டார். பாட்டு முழுவதும் மனதுக்குள் ஒரே நேரத்தில் கேட்கும், அப்புறம் தாளில் இறக்கிவைக்க வேண்டியதுதான் என்று அதில் இருக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மொசார்ட் எழுதியதில்லை. உண்மையான மொசார்ட் 1785-இல் மூத்த இசையமைப்பாளர் ஹைடனுக்கு ஆறு குவார்டெட்களை (நான்கு வாத்தியம் சேர்ந்து வாசிப்பவை) காணிக்கை ஆக்கியபோது, இவை நீண்ட, கடினமான உழைப்பின் பலன் என்று தாமே அச்சில் போட்டார். அவர் பாதியில் விட்ட துண்டுகளும், கிறுக்கல் குறிப்புகளும் நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. அவர் வேகமானவர்தான், மறுக்கவில்லை. அடித்தல் திருத்தலே இல்லாதவர் என்பதுதான் புளுகு.

என்னைப் பற்றி: சொந்த ஊர் தொண்டி. அப்பா வள்ளம் கட்டும் ஆசாரி. எனக்குச் சென்னையில் பியானோ, ஆர்மோனியம் பழுது பார்க்கிற வேலை. வேலைக்குப் போகிற வீடுகளில் பழைய இசைத்தாள்கள் கிடக்கும், அதைப் பார்த்துப் பார்த்து இந்தப் பைத்தியம் பிடித்தது. இப்போது பெரிய ஆட்களின் கையெழுத்துப் பிரதிகள் படமாகவே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பான் நகரத்தில் பீத்தோவன் பிறந்த வீட்டில் நடத்துகிற காப்பகம் நிறைய ஏற்றியிருக்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், வீட்டில் திட்டு விழும்.

பீத்தோவன் பக்கம் ஒன்றைப் பாருங்கள், உங்கள் நோட்டு அதற்கு முன்னால் கோவில் அறிவிப்புப் பலகை மாதிரி சுத்தமாகத் தெரியும். வெளியே நடக்கப் போகும்போது சட்டைப்பையில் சின்ன நோட்டும் பென்சிலும். வீட்டில் மேஜைக்கென்று பெரிய நோட்டும் மையும். சின்ன நோட்டில் கிறுக்கியதைப் பெரிய நோட்டில் வளர்ப்பார். ஒரே மெட்டைப் பத்து விதமாக எழுதுவார். பெரும்பாலும் ஒற்றை வரிதான் எழுதுவார், துணை நாதம் எதுவும் இருக்காது. வரி எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் முதலில் வேண்டும், மற்ற வாத்தியம் எல்லாம் பிறகு. அப்பா வள்ளத்துக்கு முதலில் அடிமரமான ஏரா மரத்தைப் போட்டு, வளைவு சரியாக விழுந்த பிறகுதான் பலகையைத் தொடுவார். எனக்கு அந்த நோட்டுகளைப் பார்த்தால் அந்த ஞாபகம்தான் வரும்.

ஒன்பதாவது சிம்பொனியில் வரும் 'ஆனந்தம்' மெட்டு உங்களுக்குக் கட்டாயம் தெரியும். கீபோர்டு வகுப்பில் முதல் மாதம் சொல்லித் தருவதே அதுதான்: க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. குழந்தைகூட ஐந்து விரலை நகர்த்தாமல் வாசித்துவிடும். அந்த ஐந்து விரல் மெட்டுக்கு அவர் எத்தனை முயற்சி எழுதியிருக்கிறார் என்பதை நோட்டுகளில் பார்க்கலாம். ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் அந்த 'ஆனந்தம்' கவிதைக்கு இசை போட வேண்டும் என்ற எண்ணம் 1793-இலேயே அவருக்கு இருந்தது. மேடை ஏறியது 1824 மே 7. எளிமையாக ஒலிப்பதெல்லாம் சட்டென்று வந்தது என்று நினைக்கக் கூடாது. எளிமையாக ஆவதற்குத்தான் அத்தனை தாள்.

மேல் 'எஃப்' எட்டவில்லை என்றீர்களே, அதே சிம்பொனியில் சோப்ரானோ பெண்கள் அதையும் தாண்டி மேல் 'ஏ'வைப் பல அடி (தாளக் கட்டம்) விடாமல் பிடிக்க வேண்டும். முதல் நிகழ்ச்சிக்கு முன் பாடகிகள் இருவர் மேல் ஸ்வரத்தைக் கொஞ்சம் மாற்றித் தரும்படி கெஞ்சியதாகவும், அவர் மறுத்ததாகவும், நீர் குரல்களுக்கெல்லாம் கொடுங்கோலர் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னதாகவும் அவருடைய உதவியாளர் ஷிண்ட்லர் எழுதி வைத்திருக்கிறார். (இந்த ஷிண்ட்லர் கொஞ்சம் கதை விடுகிறவர். காது கேட்காத பீத்தோவனிடம் பேச வந்தவர்கள் எழுதிக் காட்டிய உரையாடல் நோட்டுகளில் பின்னால் இவரே இடைச்செருகல் எழுதியது அம்பலமாகிவிட்டது. இருந்தாலும் அந்த இசையைப் பாடிப் பார்த்தவர்கள் இந்தக் கதையை நம்பத் தயங்க மாட்டார்கள்.)

ஆனால் நீங்கள் பீத்தோவன் ஆக வேண்டியதில்லை, ஹாண்டல் ஆகுங்கள். இயேசுவைப் பற்றிய 'மெசையா' என்ற நீண்ட இசைப் படைப்பை 1741-இல் ஆகஸ்ட் 22 தொடங்கி செப்டம்பர் 14-க்குள், 24 நாளில் எழுதினார். தேவதூதன் வந்து காதில் ஓதிய மாதிரி இதைப் பிரசங்கத்தில் சொல்வார்கள். கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, மைக்கறையும் அடித்தலும் ஏராளம். அதிலும் 'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' கோரஸ் புதிதே இல்லை. அதே வருஷம் ஜூலையில், குருட்டுக் காதலே உன்னை நம்ப மாட்டேன் என்கிற ஓர் இத்தாலியக் காதல் டூயட் எழுதியிருந்தார். அந்த மெட்டைத் தூக்கி இங்கே வைத்துவிட்டார். அங்கே "நோ!" என்று அழுத்திச் சொல்கிற இடத்தில் இங்கே ஆங்கிலத்தில் சும்மா ஓர் இணைப்புச் சொல் வந்து உட்காருகிறது. அதனால்தான் அந்த அழுத்தம் கொஞ்சம் விநோதமாகக் கேட்கும். உலகமே கிறிஸ்துமஸுக்குப் பாடுகிறது, யாருக்கும் உறுத்தவில்லை.

அதோடு விடவில்லை. 1742 ஏப்ரல் 13 டப்ளினில் முதல் அரங்கேற்றம், அங்கே கிடைத்த குரல்களுக்கு ஏற்பச் சில பாட்டுகளை மாற்றினார். லண்டனில் வேறு குரல்கள் கிடைத்தபோது மறுபடி மாற்றினார். 1750-இல் குவாதாக்னி என்ற அருமையான பாடகர் அமைந்ததும், ஏற்கெனவே இருந்த ஒரு பாட்டை அவருக்காகப் புதிதாகவே எழுதினார். ஆகவே 'மெசையா'வுக்கு ஒரே இறுதி வடிவம் என்று ஒன்று கிடையாது. முன்னால் நிற்கிறவர்களின் தொண்டைக்கு ஏற்றபடி எழுதுவது நம் தொழிலில் குறையே இல்லை. உங்கள் குழுவுக்கு எஃப் எட்டவில்லை என்றால் அது பெண்களின் தப்பு இல்லை, பாட்டு இன்னும் அவர்களுக்காக எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். ஏழு தடவை திருத்தியதில் தப்பே கிடையாது. ஏழு தடவையும் பழையதை அழித்தீர்கள் பாருங்கள், அது தப்பு. இதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

பீத்தோவன் வியன்னாவில் எத்தனையோ வீடு மாறியவர். தட்டுமுட்டுச் சாமான் தொலைந்தது, வேலைக்காரர்கள் ஓடினார்கள், காது போனது. அந்தக் கிறுக்கல் நோட்டுகளை மட்டும் கடைசி வரை விடவில்லை. செத்த வருஷம், 1827 நவம்பரில் ஏலம் விட்டபோது அவை மூட்டை மூட்டையாக இருந்தன. பலவற்றில் இருந்த மெட்டுகளை அவர் எங்கேயும் பயன்படுத்தவே இல்லை. இருந்தும் வைத்திருந்தார்.

ஷோபான் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். பியானோவில் உட்கார்ந்தால் மெட்டு கொட்டும். தாளில் எழுத ஆரம்பித்தால் நரகம். அறைக்குள் அடைந்துகொண்டு அழுவார், பேனாவை உடைப்பார், ஒரே அடியை நூறு தடவை மாற்றுவார். ஒரு பக்கத்தோடு ஆறு வாரம் போராடிவிட்டு, கடைசியில் முதலில் எழுதியதையே எழுதி முடிப்பார் என்று கூடவே வாழ்ந்த எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் எழுதியிருக்கிறார். கவனியுங்கள், அவரால் முதலில் எழுதியதற்குத் திரும்ப முடிந்தது. நீங்கள் ரப்பர் போட்டு அழித்துவிட்டீர்கள். ஷோபான் அடிப்பது தனி அழகு, கம்பி வலை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு ஒன்றுமே தெரியாமல் அடைத்துவிடுவார். ஆனால் அங்கே ஏதோ ஒன்று இருந்தது என்பதாவது தெரியும்.

வேண்டாததை வேண்டுமென்றே அழித்தவரும் உண்டு. பிராம்ஸ், 1873-இல் முதல் இரண்டு குவார்டெட்களை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இருபது வரை எழுதி அழித்ததாக அவரே சொன்னார். எனக்கு இது பிடிக்காது, ஆனால் அவர் பிராம்ஸ். அதே மனிதர் இன்னொரு காரியம் செய்தார். இருபது வயதில் எழுதி 1854-இல் அச்சான ஒரு பியானோ ட்ரியோவை (பியானோவோடு சேர்த்து மூன்று வாத்தியம்), 35 வருஷம் கழித்து 1889-இல் எடுத்து பெரும்பகுதியை மாற்றி எழுதினார். பழையதைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைக்கு இரண்டையும் வாசிக்கிறார்கள்.

சரி, எங்கே நிறுத்துவது? பதில், அச்சுக்காரனோ ஞாயிற்றுக்கிழமையோ வாசலில் வந்து நிற்கும்போது. லைப்ஜிக்கில் பாக் என்ற இசையமைப்பாளருக்கு ஞாயிறுதோறும் கோவிலில் புதுப் பாட்டு வேண்டும், 1723-இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாரம் ஒன்று எழுதினார். பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததும் மை காயும் வரை திருப்ப முடியாது. அடுத்து வரப்போவது மறந்துவிடக் கூடாதென்று அதே பக்கத்தின் அடியில் இரண்டு மூன்று அடியைக் குட்டியாகக் கிறுக்கி வைத்துக்கொள்வார். மை காய்ந்து பக்கத்தைத் திருப்பிய பிறகு அதில் சிலவற்றை மாற்றியும் எழுதியிருக்கிறார். அவருக்குத் திருத்துவதற்குக் கிடைத்த நேரமே சில இடங்களில் அந்த மை காயும் நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பாட்டு முடிந்தது. உங்களுக்குக் கொடியேற்றம்.

ஆனால் அச்சுக்காரனையும் மீறி ஒரு கதை உண்டு, இதைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. பீத்தோவனின் படைப்பு எண் 106, பியானோவுக்கான ஒரு சொனாட்டா. பிரம்மாண்டமானது. பிரதியை லண்டனில் இருந்த சீடர் ரீஸுக்கு அனுப்பியாகிவிட்டது. அப்புறம் 1819-இல் ஒரு கடிதம் வருகிறது: மெதுவான பகுதியின் தொடக்கத்தில் இரண்டு ஸ்வரம் சேர்த்துக்கொள். இரண்டே இரண்டு. பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்ததாக ரீஸே எழுதியிருக்கிறார். வாசித்துப் பார்த்த பிறகு வாயடைத்துப் போனார். அந்த இரண்டு ஸ்வரம் இல்லாமல் அந்தப் பகுதியை இன்றைக்கு நினைத்துப் பார்க்கவே முடியாது. நான் ட்யூன் செய்த பியானோ ஒன்றில் அதை மட்டும் வாசித்துப் பார்த்தேன். இரண்டு படி ஏறிக் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு பணிவான கேள்வி. தியாகராஜரின் 'சக்கனி ராஜ மார்கமு'வில் பல்லவிக்கு அத்தனை சங்கதி அடுக்கியிருக்கிறதே. ஒவ்வொரு சங்கதியும் முன்னதைக் கொஞ்சம் மாற்றிக் கொஞ்சம் வளர்த்துப் போகிறது. பீத்தோவன் நோட்டில் ஒரே மெட்டைப் பத்து விதமாக எழுதி ஒன்பதை அடித்தார். தியாகராஜர் பத்தையும் பாட்டிலேயே வைத்துக்கொண்டார். எனக்கு அப்படித்தான் படுகிறது. தப்பா?

---

கேணிக்கரை வாத்தியார்:

தொண்டித் தம்பி, ஒன்பதை அடித்தார், பத்தையும் வைத்துக்கொண்டார் என்று அழகாகச் சொல்லிவிட்டீர்கள். நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். சங்கதி என்பது தடுமாற்றம் இல்லை, படிப்படியாக ராகத்தைத் திறப்பது. முதல் சங்கதி தோற்றுப்போய் இரண்டாவது வரவில்லை. முதலாவது இருந்தால்தான் இரண்டாவதற்கு மதிப்பு. பீத்தோவன் அடித்த ஒன்பதும் தோற்றவை அல்லவா?

இன்னொன்று சொல்ல மறந்தேன், கீபோர்டு தம்பிக்கு இது உதவும். நம் ஊருக்கு மேற்கே எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் இருந்தார், முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம். 1904-இல் அவர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அங்கேயே அச்சிட்டார். ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடுகிற கமகங்களுக்குக்கூடத் தனித்தனிக் குறி போட்டு எழுதினார். அவரை அப்படி எழுதச் சொல்லி வற்புறுத்தியவர்களில் ஒருவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். நம் கீர்த்தனைகளை மேல்நாட்டு ஸ்வரக் குறியில் 1890-களிலேயே அச்சிட்டவர். வாயில் இருப்பது வாயோடு போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. என் ஊதா மை நோட்டுக்கு நேர்ந்ததைப் பார்த்தபின் எனக்கும் இருக்கிறது. எழுதி வை தம்பி. பேனாவில் எழுது.

---

மூக்கையூர் ஆல்டோ:

தம்பி, நானும் கோவில் குழுவில் இருபத்திரண்டு வருஷமாகப் பாடுகிறேன். பீத்தோவன், பாக் எல்லாம் சரி. பாடுகிறவர்கள் பக்கத்தில் இருந்து இரண்டு விஷயம்.

ஒவ்வொரு வாரமும் மெட்டை மாற்றாதே. ஏழு மெட்டையும் எங்கள் தலையில் ஏற்றிவிட்டு, ஏழாவதை மட்டும் பாடு என்றால் முடியாது. திருவிழா அன்றைக்கு வரிசைக்கு ஒரு மெட்டாகக் கிளம்பும். எங்கள் ஊரில் போன வருஷம் திருவிருந்துப் பாடலுக்கு நடந்தது. சாமியார் திரும்பியே பார்த்துவிட்டார்.

இரண்டாவது, மெட்டு எட்டவில்லை என்றால் நாங்களே வாயில் வருகிறபடி வளைத்துக்கொள்வோம். அப்படி வளைத்ததை நீ கவனித்தாயா? உங்கள் தாத்தா சொன்ன அந்த வளைவு நீ போட்டதுதானா, இல்லை யாராவது பாடும்போது தானாக விழுந்ததா? அந்தத் தாத்தாவையே பாடச் சொல்லிக் கேள். அப்புறம், வாட்ஸ்அப்பில் போட்டேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் போனில் அழித்தால் மற்றவர்கள் போனில் அழியுமா என்ன? யாராவது வைத்திருப்பார்கள். எங்கள் சித்தி 2019-இல் வந்த குட்மார்னிங் படத்தைக்கூட அழிக்கவில்லை.

---

ஐஸ்பெட்டி கீபோர்டு:

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு என்னையே நினைத்துச் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் அது தோன்றவே இல்லை. குழுவில் கேட்டேன். ஓலைக்குடாவில் கட்டிக் கொடுத்த ஒரு பெரியம்மா போனில் இருந்தது. பேரனிடம் கொடுத்து அனுப்பி வைத்தார்.

போட்டுக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், பல்லவி சுமார். காற்றுச் சத்தம்தான் அதைப் பெரிதாகக் காட்டியிருக்கிறது. இப்போதிருக்கும் ஏழாவது பல்லவி எவ்வளவோ மேல். நான் அதைத் தங்கம் மாதிரி நினைத்து இரண்டு வாரம் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

ஆனால் சரணத்தில் 'அம்மா' என்று முடிகிற இடத்தில் நேராக மேலே போகாமல் ஒரு படி கீழே இறங்கி, அங்கிருந்து வழுக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன். அது நான் யோசித்துப் போட்டதில்லை. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது மூச்சு இடறியிருக்கிறது, ஹாரன் சத்தம்கூட அதில் கேட்கிறது. தாத்தாவைப் பாடச் சொன்னேன். அவர் அந்த வழுக்கலை இன்னும் நீளமாக இழுத்துப் பாடினார், கடைசியில் எஃப் வரை போகவே இல்லை, 'டி'யிலேயே நின்றுவிட்டார். பெண்கள் எல்லாரும் ஒரே குரலாக, இதை வைத்துக்கொள் என்றார்கள்.

தொண்டி அண்ணே, கடையில் நீலப் பேனா இரண்டும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் பெரியம்மா அனுப்பிய மெட்டை அப்படியே எழுதினேன், இரண்டாவது பக்கத்தில் ஏழாவது மெட்டு, மூன்றாவதில் தாத்தா பாடியது. நடுவில் போனதெல்லாம் போனதுதான். இடையிசையைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. நான்கு அடி இருக்கிறது. இரண்டு போதும் என்று டீச்சர் சொல்கிறார், காணிக்கை எடுத்து வருகிற வரிசை நீளமாக இருந்தால் நான்கு வேண்டும் என்று கோவில் பிள்ளை சொல்கிறார். நாளைக்கு வியாழன்.

---

தொண்டிக்காரன்:

இரண்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எவ்வளவு நீளம் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டு வாசிக்கலாம். பஸ் ஹாரன் இருக்கிற அந்தப் பதிவை எனக்கும் அனுப்ப முடியுமா?